பின்தங்கியதா, பிற்படுத்தப்பட்டதா? – ‘பேக்வர்ட்’ என்ற ஒரு சொல்லும் கரியாலூரும்

தமிழைச் சுத்தம் பண்றோம்னு ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. அவங்க வாதம் இதுதான்: ‘பேக்வர்ட்’ என்ற இங்கிலீஷ் பெயரடைக்குச் சரியான தமிழ் ‘பின்தங்கிய’. ‘பிற்படுத்தப்பட்ட’ என்பது தப்பான மொழிபெயர்ப்பு. மேடைப் பேச்சாளர்கள் செஞ்சு விட்ட சரக்கு. பின்தங்கிப் போனவன் தன் பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில் போடறதுக்காகக் கண்டுபிடிச்ச இலக்கணத் தந்திரம். “அகராதியை எடுத்துப் பாருங்க சார், பேக்வர்டுல எங்கே இருக்கு ‘படுத்தப்பட்ட’?”

சரி சார், எடுத்துப் பாத்துடலாம். ஒரே ஒரு நிபந்தனை: முதல் பொருளைப் பாத்ததும் அகராதியைப் பட்டுனு மூடிடக் கூடாது. கடைசி வரைக்கும் படிக்கணும். :-)

அந்தச் சொல்லுக்கு ரெண்டு பாகம். ‘பேக்’ – முதுகு. ‘வர்ட்’ – ஒரு பக்கமாகத் திரும்பின. ஃபார்வர்ட், ஹோம்வர்ட், ஆஃப்டர்வர்ட் எல்லாத்திலும் இருக்கிற அதே ‘வர்ட்’தான். திரும்புதல் என்று பொருள் தரும் லத்தீன் ‘வெர்த்தெரே’வும் இதுவும் ஒரே வேர்னு சொல்றாங்க. ரிவர்ஸ், கன்வர்ட், வெர்ஷன் எல்லாம் அந்த லத்தீன் பக்கத்துச் சொந்தக்காரங்க. ஆக, 1300 வாக்கில் இந்தச் சொல் இங்கிலீஷுக்குள் வந்தப்போ அதுக்கு அர்த்தம் ‘பின்பக்கமா’. அவ்வளவுதான். திசையைச் சொல்ற சொல். ‘வடக்குப் பாத்த வீடு’ன்னு சொல்றோமே, அது மாதிரி. வடக்குப் பாத்திருக்கிறது வீட்டோட குணமா? கட்டினவன் அப்படிக் கட்டினான், அவ்வளவுதானே?

இன்னொரு கூத்து. ‘ஆக்வர்ட்’டும் இதே குடும்பம்தான். ‘தப்பான பக்கம் திரும்பின’ என்பது அதோட பழைய அர்த்தம். இப்போ அதைச் சங்கடம், கோணல்மாணல் என்ற அர்த்தத்தில் புழங்கறோம். ‘நைஸ்’ என்ற சொல் ஒரு காலத்தில் ‘அறிவில்லாத’ என்று திட்டறதுக்கு இருந்தது. அதனால அகராதி சொல்லிடுச்சு, கேஸ் முடிஞ்சிடுச்சுன்னு யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். பெயரடைகள் எல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சட்டை மாத்திக்கிட்டு வர்றவை.

பேக்வர்ட் முதலில் மாத்தின சட்டை எது தெரியுமா? 16ஆம் நூற்றாண்டு வாக்கில், மனுஷனைப் பத்திச் சொல்லும்போது அதுக்கு ‘தயங்கற’, ‘முன்வராத’, ‘செய்ய வேண்டியதைச் செய்ய மனசில்லாம பின்வாங்கற’ என்ற அர்த்தம் வந்தது. இதை ஒரு ஓரமா ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

‘வளர்ச்சியில் பிந்தின’ என்ற அர்த்தம் அதுக்கும் பின்னாடி, 17ஆம் நூற்றாண்டு கடைசியிலதான் தலை காட்டுது. பிறகு பள்ளிக்கூடத்துக்குள்ள போச்சு. படிப்பு ஏறாத பிள்ளைக்கு ‘பேக்வர்ட் சைல்ட்’னு பேர். சிரில் பர்ட் என்ற உளவியல்காரர் 1937-ல் அதே தலைப்பில் தடிமனா ஒரு புத்தகமே போட்டார். ஆக, நம்ம நண்பர்கள் ‘சரியான அர்த்தம்’னு பிடிச்சுத் தொங்கறது, அந்தச் சொல்லோட நாலு அர்த்தத்தில் கடைசியா வந்து சேர்ந்த ஒண்ணு.

இனி நம்ம மொழிக்கு வருவோம்.

தமிழ்ல ‘முன்’ எது, ‘பின்’ எது? முன்னோர் யாரு? செத்துப்போன தாத்தா, பாட்டி. முன்பு, முன்னாள், முற்காலம் எல்லாம் கடந்து போனது. பின்னாள், பிற்காலம், பிற்பகல் எல்லாம் இனிமே வரப்போறது. ‘சங்க காலத்துக்குப் பிற்பட்ட நூல்’னு புலவர் எழுதினா, அந்தப் புத்தகம் மட்டம்னு அர்த்தமில்லை, பிறகு வந்ததுன்னு அர்த்தம். காலத்தைப் பொறுத்தவரை நம்ம மொழியில கடந்தது முன்னால இருக்கு, வரப்போறது பின்னால இருக்கு. இங்கிலீஷ்காரனோட ‘பேக்வர்ட்’ இதுக்கு நேர் எதிர். அவன் பார்வையில பின்பக்கம் இருக்கறது கடந்த காலம். அதனால பேக்வர்ட் மக்கள்னா ‘இன்னும் பழைய நூற்றாண்டுலயே உக்காந்திருக்கற மக்கள்’.

இந்த எண்ணம் சும்மா வரலை. 19ஆம் நூற்றாண்டு மானுடவியல்காரர்கள் உலகத்து மக்களை எல்லாம் ஒரே ஏணியில நிக்க வச்சாங்க. லூயிஸ் ஹென்றி மார்கன் 1877-ல் எழுதின ‘ஏன்ஷியன்ட் சொசைட்டி’யில ஏணிக்கு மூணு பெரிய படி: காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிகம். மேல்படியில யாரு? எழுதினவரோட ஆளுங்கதான், வேற யாரு. கீழ்ப்படியில இருக்கறவன் நம்ம கூடவே அதே வருஷத்துல வாழற மனுஷன்தான். ஆனா ஏணிக் கணக்குப்படி அவன் ‘நேத்தைய’ மனுஷன். அவனை யாரும் அங்கே நிறுத்தலையாம், அவனா ஏறி வரலையாம். இந்தக் கற்பனைதான் ‘பின்தங்கிய’ என்ற சொல்லுக்குள்ள இன்னிக்கும் குடியிருக்கு.

வெள்ளைக்காரன் இதைச் சட்டமாவும் எழுதினான். 1919 இந்திய அரசுச் சட்டத்தில் சில பகுதிகளை ‘பேக்வர்ட் டிராக்ட்’னு அறிவிக்கலாம் என்று ஒரு பிரிவு. அப்படி அறிவிச்சா, மத்த இடத்துக்குக் கிடைக்கிற அரைகுறைச் சீர்திருத்தம்கூட அங்கே அப்படியே போகாது. சென்னை மாகாணத்தில் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி பக்கத்து ஏஜென்சி மலைப்பகுதிகள் இந்தப் பட்டியல்ல போச்சு. 1935-ல் அடுத்த சட்டம் வந்தப்போ பேரை மாத்தினாங்க. புதுப்பேர் ‘எக்ஸ்க்ளூடட் ஏரியா’. விலக்கப்பட்ட பகுதி! கவனிச்சீங்களா? 1919-ல் குணம்னு சொன்னதை 1935-ல் செயல்னு அவனே ஒத்துக்கிட்டான். ‘இங்கிலீஷ்ல எங்கே இருக்கு பட்ட?’ன்னு கேட்டீங்களே, இதோ இருக்கு சார், சட்டப் புத்தகத்திலேயே.

அதுக்காக ‘பேக்வர்ட்’ என்ற சொல் நம்ம ஜனங்க மேல ஒட்டப்பட்ட வெறும் வசைன்னு நான் சொல்ல வரலை. இங்கதான் கதை சுவாரஸ்யமாகுது. அந்தச் சொல்லை நம்மாளுங்க கையில எடுத்து ஆயுதமாக்கினாங்க. 1934-ல் சென்னை மாகாணப் பிற்பட்ட வகுப்பினர் சங்கம் உருவாச்சு. பிராமணரல்லாதார்னு மொத்தமா ஒரு பங்கு கொடுத்தா அதுலயும் மேலே இருக்கறவங்களே அள்ளிக்கிறாங்க, எங்களுக்குத் தனியா வேணும்னு கேட்டாங்க. 1947-ல் வகுப்புவாரி அரசாணை திருத்தப்பட்டப்போ 14 இடத்தில் 2 இடம் ‘பேக்வர்ட் இந்துக்கள்’னு தனியா வந்தது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லாதுன்னு சொல்ல, அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிறந்தது. அதுக்குள்ளும் இதே பெயரடைதான்.

1948 நவம்பர் 30 அன்னிக்கு அரசியல் நிர்ணய சபையில இந்தச் சொல்லை வச்சே பெரிய வாக்குவாதம். பேக்வர்டுன்னா யாருன்னு வரையறை எங்கேன்னு கேட்டாங்க. டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இது வக்கீல்களுக்குச் சொர்க்கம் ஆகப்போகுதுன்னு கிண்டல் அடிச்சார். அம்பேத்கர் எழுந்து, எந்த வகுப்பைப் பிற்பட்டது என்று அரசு கருதுதோ அதுதான் பிற்பட்ட வகுப்பு, அதை அந்தந்த அரசே முடிவு செய்யட்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். சிலர் இதை மழுப்பல்னு நினைக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. பேக்வர்ட் என்பது ரத்தத்துல இருக்கற குணமா இருந்தா வரையறை எழுதிடலாம். அது ஊருக்கு ஊர் வேற வேற ஆள் வேற வேற ஆளுக்குச் செஞ்ச வேலை. அதனால ஊருக்கு ஊர்தான் கண்டுபிடிக்கணும்.

இப்போ இலக்கணம். பயப்படாதீங்க, ஒரே பத்தி.

பிற்படு – தன்வினை. தானா நடக்கறது. பிற்படுத்து – பிறவினை. ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் செய்யறது. பிற்படுத்தப்படு – செயப்பாட்டுவினை. செய்யப்பட்டவன் பக்கத்திலிருந்து சொல்றது. தாழ்ந்த, தாழ்த்தப்பட்ட என்ற ஜோடியும் இதே கணக்கு. ‘தாழ்ந்த’னு சொன்னா அவன் குணம். ‘தாழ்த்தப்பட்ட’னு சொன்னா எவனோ ஒருத்தன் செஞ்ச குற்றம். நடுவுல இருக்கிற அந்த ‘த்து’ இருக்கே, அதுக்குள்ள ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கான்.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பாருங்க. தெலுங்குல வெனுகபடின தரகதுலு – பின்னால விழுந்த வகுப்புகள். கன்னடத்துல ஹிந்துளித வர்க – பின்னால நின்னுட்ட வகுப்பு. மலையாளத்துல பின்னாக்க விபாகம். இந்தியில பிச்சடா வர்க் – பிந்திப் போன வகுப்பு. எல்லாரும் தன்வினையில நிக்கறாங்க. தமிழ் மட்டும் அரசாங்கப் பலகையிலேயே ‘பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை’னு பிறவினையைப் போட்டு எழுதியிருக்கு. அதே பலகையில கீழே இங்கிலீஷ்ல ‘பேக்வர்ட் கிளாசஸ்’. ரெண்டும் ஒரே துறையோட பேர்தான், ஆனா சொல்ற சேதி வேற. இங்கிலீஷ் வரி ‘இவங்க பிந்தினவங்க’ங்குது. தமிழ் வரி ‘இவங்களைப் பிந்த வச்சிருக்காங்க’ங்குது. இதை மொழிபெயர்ப்புப் பிழைன்னு சொல்றீங்களே, மூலத்தை விடத் தெளிவா ஒரு மொழிபெயர்ப்பு அமையறது எவ்வளவு அபூர்வம்! இதைப்போய் ‘திருத்த’ணுமாம்.

“எல்லாம் சரிப்பா, இலக்கணம் நல்லாத்தான் இருக்கு. நிஜத்துல சில ஊர் சும்மாவே பின்தங்கி இருக்கும்ல? அதுக்கும் யாரையாவது குற்றவாளி ஆக்கணுமா?” நியாயமான கேள்வி. அதனால நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கத்திலேயே ஒரு ஊரை எடுத்துப் பரிசோதிப்போம்.

கரியாலூர். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினா வெள்ளிமலைக்கு முன்னால வர்ற ஊர். சுற்றுலா வர்றவங்களுக்குப் படகுத்துறை, பூங்கா, போற வழியில அருவிகள்னு தெரியும். பத்திரிகைக்காரங்களுக்கு இந்த மலை எப்பவும் ‘பின்தங்கிய மலைக்கிராமங்கள்’. அதிகாரிங்க பேச்சுல ‘பேக்வர்ட் ஏரியா’. (ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும்: இங்கே இருக்கற மலையாளி மக்கள் அரசுப் பட்டியல்படி பழங்குடியினர், பி.சி. இல்லை. மலையாளின்னா மலையை ஆளறவங்க, கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவங்கன்னு அவங்க வழிவழியாச் சொல்ற கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-லயே பதிவு பண்ணியிருக்கார். ஆனா ஊர் மேல ஒட்டின சீட்டு அதே பேக்வர்ட்தான்.)

அந்த ஊர் தானா பின்தங்குச்சா? வரிசையா பார்ப்போம்.

ஒண்ணு. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூணு ஜாகிர்களின் கையில் இருந்தது. அரசாங்க நிர்வாகத்துக்குள்ள அது வந்த வருஷம் 1976. தப்பா அச்சடிக்கலை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறுதான். நாடு விடுதலை ஆகி 29 வருஷம். மக்களவைக்கு அஞ்சு பொதுத்தேர்தல் முடிஞ்சாச்சு. 1974-ல் பொக்ரான்ல அணுகுண்டு வெடிச்சாச்சு. 1975-ல் ஆர்யபட்டா விண்ணுக்குப் போயாச்சு. அதுக்கும் அடுத்த வருஷம்தான் கரியாலூருக்கு ஜாகிர் முடியுது. 1967 வரைக்கும் காங்கிரஸ் ஆட்சி, அப்புறம் திமுக ஆட்சி. ரெண்டு பேர் காலத்திலும் கீழே சமவெளியில மேடை போட்டு நிலச்சீர்திருத்தம் பேசினாங்க. அண்ணாந்து பாத்தா தெரியற மலையில ஜாகிர் நடந்துக்கிட்டிருந்தது. சமவெளிக்காரன் பட்டா, சிட்டா, அடங்கல், கூட்டுறவுக் கடன்னு ஒரு தலைமுறை முன்னால போனப்போ மலைக்காரனுக்கு அந்த ஓட்டப்பந்தயம் நடக்கறதே சொல்லப்படலை. இது பின்தங்கினதா? 28 வருஷம் கழிச்சுப் பந்தயத்துல இறக்கிவிட்டுட்டு, ‘ஏன்யா மெதுவா ஓடறே’ன்னு கேக்கறதுக்குப் பேர் என்ன?

உடனே ஒருத்தர் வருவார்: “ஜாகிர்தார்களும் அதே மலைக்காரங்கதானே? தங்கள் ஆளே தங்களைப் பண்ணதுக்கு நாங்க என்ன பண்றது?” ஜாகிரை அங்கீகரிச்சது யாரு? ராஜாக்களுக்கு அப்புறம் வெள்ளைக்காரன், வெள்ளைக்காரனுக்கு அப்புறம் சுதந்திர இந்தியா. கோட்டையில கோப்பு தூங்கின காலத்துக்கு மலையில இருக்கற கவுண்டர் மட்டும் எப்படிப் பொறுப்பாவார்?

ரெண்டு. வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறி, 2008 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையா உழுதுக்கிட்டிருக்கற காட்டு நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கற சட்டம். தமிழ்நாட்டுல என்ன ஆச்சு? நீதிமன்றத்தைக் கேக்காம பட்டா கொடுக்கக் கூடாதுன்னு 2008-லயே உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவு. அது விலகினது 2016-ல், உச்ச நீதிமன்றம் போன பிறகு. அந்த எட்டு வருஷம் மலைக்காரன் எங்கேயும் தங்கலை. அவன் விண்ணப்பம்தான் தங்கிடுச்சு.

மூணு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் பத்து மாநிலத்தில் இருக்கு. அங்கே 1996 பெசா சட்டப்படி கிராம சபைக்குச் சில கூடுதல் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒண்ணுகூட இல்லை. கல்வராயன் இல்லை, ஜவ்வாது இல்லை, கொல்லிமலை இல்லை, நீலகிரி இல்லை. மலை அங்கேயேதான் இருக்கு, பழங்குடியும் அங்கேயேதான் இருக்காங்க. அறிவிப்பு மட்டும் வரலை. யார் பின்தங்கினது?

நாலு. மழை மலையில பெய்யுது. ஓடை ஓடையா இறங்கி கோமுகி அணையில நிக்குது. பாசனம் அணைக்குக் கீழே. நெல்லும் கரும்பும் சமவெளியில. மலை மேல மரவள்ளியும் சாமையும் கடுக்காயும். கீழே இருக்கறவன் வயலுக்குத் தண்ணி அனுப்பற ஊரைக் கீழே இருக்கறவனே பின்தங்கிய ஊர்ங்கறான்.

அஞ்சு. பழங்குடின்னு பட்டியல்ல சேர என்ன தகுதி தெரியுமா? 1965-ல் லோகுர் குழு அஞ்சு அடையாளம் சொல்லுச்சு: ஆதிகாலத் தன்மைகள், தனித்த பண்பாடு, ஒதுங்கின இருப்பிடம், வெளியாளோட பழகக் கூச்சம், அப்புறம் நம்ம கதாநாயகன் – பேக்வர்ட்னெஸ். அதாவது உரிமை வேணும்னா நீ கூச்சப்படணும், பின்தங்கினவனாக் காட்டிக்கணும். ஜீன்ஸ் போட்டு, செல்போன் வச்சுக்கிட்டு, வாய் நிறையப் பேசற மலையாளிப் பையன் சாதிச் சான்றிதழ் கேட்டு நின்னா, ‘உன்னைப் பாத்தா எஸ்.டி. மாதிரி தெரியலையே’ங்கற பேச்சு எங்கிருந்து வருதுன்னு நினைக்கறீங்க? அந்தப் பெயரடையிலிருந்துதான். இன்னொரு கொடுமை: பட்டியல்ல மலையாளி என்ற பேரை மாவட்டத்தோட சேர்த்துக் கட்டி எழுதியிருக்கு. ஈரோடு மாவட்டம் அதுல இல்லை. அதனால பர்கூர் மலையில இருக்கற மலையாளிகள் நெடுங்காலமாக் கேட்டும் பழங்குடி ஆகலை. ஒரே ஜனங்க. மாவட்டக் கோடு தாண்டினா பட்டியல் மாறிடும்.

இத்தனைக்கும் அப்புறம் ‘பின்தங்கிய’னு எழுதறவங்களை என்ன சொல்ல? தமிழ் தெரியாதுன்னா? கணக்கு தெரியாதுன்னா?

இப்போ நம்ம பக்கத்துக்கும் கொஞ்சம் வர்றேன். ‘பிற்படுத்தப்பட்ட’னு நெஞ்சு நிமித்திச் சொல்லிக்கற நம்மாளுங்க கவனிங்க. செயப்பாட்டுவினையில ஒரு வசதி இருக்கு. செஞ்சவன் பேரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிச்சிடலாம். ‘பாத்திரம் உடைக்கப்பட்டது’ன்னு வீட்டுல சொல்லிப் பாருங்க. உங்கம்மா முதல்ல கேக்கறது “யாருடா உடைச்சது?” அந்தக் கேள்வியை நாம கேக்கறதே இல்லை. நம்மை யாரு பிற்படுத்தினாங்கன்னு கேட்டா மூவாயிரம் வருஷக் கதை மளமளனு வருது. நாம யாரைப் பிற்படுத்தினோம்னு கேட்டா தொண்டை கட்டிக்குது. தன் சாதிக்குச் சொல்லும்போது ‘பிற்படுத்தப்பட்டோர்’, மலைக்காரனைச் சொல்லும்போது மட்டும் ‘பாவம், பின்தங்கின ஜனங்க, விழிப்புணர்வு இல்லை’. தனக்குன்னா பிறவினை, அடுத்தவனுக்குன்னா தன்வினை. இது என்ன இலக்கணம்?

69 சதவீதத்தில் பழங்குடிக்கு 1 சதவீதம். தோடர், இருளர், காணி, மலையாளி எல்லாரும் அந்த ஒத்தை எண்ணுக்குள்ளதான். அந்த ஒண்ணும் தனியா வந்தது 1990-ல்.

“சொல்லை மாத்தினா ரோடு வந்துடுமா?” என்பது அடுத்த பின்னூட்டமா இருக்கும். வராது. சொல்லை மட்டும் மாத்தி ரோடு வரும்னா எப்பவோ வந்திருக்கணும், ஏன்னா அரசாங்கம் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கு. 2006-ல் ‘பேக்வர்ட் ரீஜன்ஸ் கிராண்ட் ஃபண்ட்’னு மத்திய அரசு 250 மாவட்டத்துக்கு நிதி ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல ஆறு மாவட்டம், அதுல அன்னிக்குக் கல்வராயன் மலை இருந்த விழுப்புரமும் ஒண்ணு. 2015-ல் அந்த நிதியை நிறுத்திட்டாங்க. 2018-ல் ‘ஆஸ்பிரேஷனல் டிஸ்ட்ரிக்ட்’ வந்தது. இனிமே பேக்வர்டுன்னு சொல்லக் கூடாதாம், முன்னேற ஆசைப்படற மாவட்டமாம். தமிழ்நாட்டுல பட்டியல்ல இருந்தது விருதுநகரும் ராமநாதபுரமும். மாநில அரசு தன் பங்குக்குப் பின்தங்கிய வட்டாரங்களுக்கு ‘வளமிகு வட்டாரங்கள்’னு பேர் வச்சது. வளம் குறைஞ்ச இடத்துக்கு வளமிகுன்னு பேர்!

பாருங்க, எத்தனை பெயரடை மாறினாலும் ஒண்ணு மட்டும் மாறலை. எல்லாமே அந்த ஊரைப் பத்தின சொல். பிந்தின ஊர், ஆசைப்படற ஊர், வளமாகப் போற ஊர். அந்த ஊருக்கு யார் என்ன செஞ்சாங்க, என்ன செய்யாம விட்டாங்க என்ற சொல் வரவே வராது. நான் கேக்கறது இன்னொரு பேரை இல்லை. கேள்வியை மாத்தச் சொல்றேன். ‘பின்தங்கிய’னு எழுதினா அடுத்த கேள்வி ‘இவங்களை எப்படித் திருத்தறது?’ அதுக்கு விடை விழிப்புணர்வு முகாம், கோடை விழா, இலவசப் போர்வை. ‘பிற்படுத்தப்பட்ட’னு எழுதினா அடுத்த கேள்வி ‘யாரு, எப்போ, எவ்வளவு?’ அதுக்கு விடை பாக்கிக் கணக்கு. முகாம் நடத்தினா போட்டோ எடுத்துக்கலாம். பாக்கின்னா திருப்பிக் கொடுக்கணும். எந்தச் சொல்லை அதிகாரம் விரும்பும்னு தனியாச் சொல்லணுமா?

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி நகரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கும் மேல செத்தாங்க. செத்தது நகரத்துக் கருணாபுரத்துல. ஆனா பேச்சு உடனே மலை ஏறிடுச்சு. கல்வராயன் மலைன்னாலே ஊறலும் சாராயமும்னு ஆளாளுக்கு எழுதித் தள்ளினாங்க. மெத்தனால் தொழிற்சாலையில வர்ற சரக்கு, மலையில காய்க்கிறது இல்லை. அடுத்த மாசம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களோட நிலைமை பத்தி ‘தாமாக முன்வந்து’ ஒரு வழக்கு எடுத்துக்கிட்டு, ரோடு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் என்னாச்சுன்னு அரசாங்கத்தைக் கேட்டது.

தாமாக முன்வந்து. என்ன அழகான தொடர்! நீதிமன்றம் முன்வந்ததுன்னா, அதுவரைக்கும் முன்வராம இருந்தது யாரு?

இப்போ அந்த ஓரமா வச்ச அர்த்தத்தை எடுங்க. மனுஷனைப் பத்திச் சொல்லும்போது பேக்வர்டுக்கு முதல்ல வந்த அர்த்தம்: செய்ய வேண்டியதைச் செய்ய மனசில்லாம பின்வாங்கறவன், முன்வராதவன். அகராதியைப் பாக்கச் சொன்னீங்கள்ல? பாத்தாச்சு. அந்த அர்த்தத்துல நானும் ஒத்துக்கறேன், கல்வராயன் மலை விஷயத்துல ஒரு பேக்வர்ட் பார்ட்டி நிச்சயமா இருக்கு. அது மலைக்கு மேல இல்லை. கோட்டையிலயும், கலெக்டர் ஆபீஸ்லயும், ஓட்டுப் போட்டுட்டு அண்ணாந்து பாக்காத நம்ம சமவெளித் தெருக்கள்லயும் இருக்கு.

அதனால எழுதற நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை மலை ஏறி அருவி போட்டோ போட்டு, கீழே ‘இயற்கை எழில் கொஞ்சும் பின்தங்கிய கிராமம்’னு டைப் பண்ணப் போகும்போது ஒரு நிமிஷம் கையை நிறுத்துங்க. ‘பிற்படுத்தப்பட்ட’னு போடுங்க. அதோட விட்டுடாதீங்க. செயப்பாட்டுவினைக்கு எழுவாயையும் தேடிப் பிடிச்சு வாக்கியத்தை முழுசா எழுதுங்க: 1976 வரை ஜாகிரை விட்டு வச்சவங்களால், எட்டு வருஷம் பட்டாவை முடக்கினவங்களால், அஞ்சாவது அட்டவணையில சேர்க்காதவங்களால் பிற்படுத்தப்பட்ட கரியாலூர்.

வாக்கியம் நீளமாத்தான் இருக்கும். பரவாயில்லை, போஸ்டுக்குக் கீழே இடம் நிறைய இருக்கு.

டிஸ்கி: ‘பின்தங்கிய’ என்ற சொல்லையே தூக்கி எறியச் சொல்லலை. பஸ்ஸைத் தவறவிட்டவன் பின்தங்கினவன்தான். பஸ்ஸே விடாத ஊர்க்காரனை அப்படிச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன். திட்டணும்னா பின்னூட்டத்துல திட்டுங்க, எழுவாயோட. :-)